விருந்தாளி வந்தால் ஆறு ஓடும்

என் மச்சான் இராசமாணிக்கம் பயந்த மனுசர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கதையின் நடுவில், "இந்த ஆள் அப்பவே வாயைத் திறந்திருக்கலாமே" என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது. வரத்தான் வேண்டுமென்றால் இரத்தோட்டை ஆட்டோ ஸ்டாண்டில் யோகராஜ் என்று கேளுங்கள், காட்டுவார்கள். எனக்கும் கோபம் கொஞ்சம் கூடுதல்தான்.

அவர் என் அக்கா கிருஷ்ணம்மாவின் புருசர். எண்பத்து மூன்று கலவரத்தில், பதின்மூன்று வயதில், அம்மாவின் சேலையை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் தேயிலைக்குள் படுத்துக் கிடந்தவர். அந்தப் பயம் உடம்பை விட்டு இறங்கவே இல்லை. பஸ்ஸில் பொலிஸ்காரர் ஏறினால் போதும், இவர் டிக்கட்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொள்வார். கல்யாணமான புதிதில் நான் கேலி செய்வேன்: "என்ன மச்சான், அக்கா தும்முனாலும் எழும்பி நிக்கிறீங்க?" அவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

எங்கள் தேயிலைத் தோட்டம் குருவிமலை. இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகிற பாதையில், பாதி மலையில் இடது பக்கம் இறங்கினால் கீழ்ப்பிரிவு லயங்கள், நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள்; லயங்களுக்குக் கீழே ஆறு. எட்டு வருஷத்துக்கு முன்னால், லயங்களுக்கு மேலே ஒரு மைல் தூரத்தில் அந்த ஆற்றை மறித்து ஒரு சின்ன அணை கட்டினார்கள். தண்ணீரை மலை ஓரமாக வாய்க்காலில் கொண்டுபோய், பெரிய குழாயில் கீழே தள்ளி, இரண்டு மைலுக்கு அப்பால் மிசின் வீட்டில் கரண்ட் எடுப்பது. அடிக்கல் நாட்ட மந்திரி வந்தார். கொம்பனி அந்த மந்திரியின் சம்பந்தி வீட்டுக் கொம்பனி என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. இரத்தோட்டையில் ஒரு ஏழை வீட்டுக்குக் கரண்ட் இழுக்க ஒன்றரை வருஷம் அலைய வேண்டும். அவர்களுக்கு ஆற்றையே இரண்டு மாதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அணைக்குச் சீமெந்து கொடுத்தவர் இரத்தோட்டை ஹார்ட்வெயார் கடை ஜைனுதீன் நானா. அவர்தான் ஒரு நாள் எனக்கு விளங்கப்படுத்தினார்.

"பச்சைக் கரண்டுடா வாப்பா. எண்ணெ இல்ல, பொக இல்ல. அதுக்காக அரசாங்கம் இருவது வருசத்துக்குக் கூடின வெலைக்கு வாங்குறதா எழுதிக் குடுத்தீக்கி. மிசின் எறக்க வரி இல்ல, பேங்க்ல வட்டியும் கொறவு. ஒரு செம்புத் தண்ணியும் அவங்களுக்குச் சல்லிதான்."

அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஆற்றுக்கு உரிய பங்கை, மழையோ வெயிலோ, எந்நேரமும் அணையின் மதகு வழியாகக் கீழே விட வேண்டும். விடவில்லை என்று பிடிபட்டால் அந்த விலை போய்விடும். அதைப் பார்க்க மாத்தளையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள் என்பது சட்டம்.

வீட்டுக்கு ஒரு வேலை தருவதாக மந்திரி மேடையில் சொன்னார். தோட்டம் முழுவதற்கும் வந்தது ஒரே வேலை. மதகுக் காவல். அதை மந்திரியின் கடிதத்தோடு என் மச்சானுக்குக் கொடுத்தார்கள். அக்கா பொங்கல் வைத்தாள். பயந்தவர் என்று பார்த்துத்தான் பொறுக்கி எடுத்தார்கள் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் கொம்பனி இன்ஜினியர் மாத்தயா, அதாவது துரை, வந்து மதகை இறுக்கி மூடச் சொன்னார். ஆற்றில் விடுகிற தண்ணீர் கரண்ட் ஆகாத தண்ணீர், வீண் தண்ணீர். கொப்பியில் மட்டும் தினமும் "மதகு திறந்திருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மச்சான் போட்டார். ஏழு வருஷமும் போட்டார். கேட்டால், "எழுதச் சொன்னாங்க, எழுதுறேன்" என்பார்.

அணைக்குக் கீழே ஆறு வெறும் கல்லாகிப் போனது. அங்கங்கே முழங்கால் குழியில் தேங்கிய தண்ணீரில் பெண்கள் துவைத்தார்கள், பாறையில் துணி காயப் போட்டார்கள், அக்கரைக்குக் குறுக்கே நடந்தார்கள். இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் லயங்கள் இருட்டில் கிடக்க, அந்தக் கொம்பனியின் கம்பி எங்கள் தலைக்கு மேலால் உறுமிக்கொண்டு போகும். நான் அண்ணாந்து பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டுவேன். மச்சான் என் வாயைப் பொத்துவார்.

அதிகாரிகள் "சொல்லாமல் கொள்ளாமல்" வருவதை எப்போதும் யாரோ சொல்லிவிடுவார்கள். ஜீப் அதிகாரிகளின் கந்தோரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே மந்திரியின் ஆளுக்குத் தகவல் வரும், அவர் இன்ஜினியருக்குச் சொல்வார், இன்ஜினியர் மச்சானுக்குப் போன் அடிப்பார். "இராசமாணிக்கம், விருந்தாளி வாறாங்க." அவ்வளவுதான் பேச்சு. மச்சான் ஓடிப்போய் இரும்புச் சக்கரத்தைச் சுழற்றி மதகைத் தூக்குவார். மறித்து வைத்திருந்த தண்ணீர் ஒரே மூச்சில் கீழே பாயும். விருந்தாளிகள் லயங்களுக்குக் கீழே உள்ள பாலத்தில் நின்று ஓடுகிற ஆற்றைப் படம் எடுப்பார்கள். அவர்கள் போனதும் மதகு மூடப்படும்.

முதல் தடவை திறந்த நாளில் எங்கள் லயத்து இலட்சுமி அத்தையின் துணி மூட்டையை ஆறு கொண்டுபோனது. அவள் கரையில் வெற்றிலை போட உட்கார்ந்திருந்ததால் தப்பினாள். அதைக் கேள்விப்பட்ட மச்சானுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

"யோகா, ஒரு நாளைக்கு நான் ஆளைக் கொன்னுடுவேன்டா," என்றார். "மேலேருந்து பாத்தா வளைவுக்கு அங்கிட்டு யாரு நிக்கிறாங்கன்னு தெரிய மாட்டேங்குது."

எச்சரிக்கைச் சைரன் ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. அனுமதி கொடுக்க வந்தவர்கள் பார்க்கும்வரை கம்பத்தில் இருந்தது. அவர்கள் போன மறுவாரம் கழற்றிக்கொண்டு போய், பல்லேகமப் பக்கம் அதே ஆட்கள் கட்டிய இன்னொரு அணையில் மாட்டினார்கள். அங்கேயும் காட்ட வேண்டுமே! ஒரு சைரனை வைத்து இரண்டு அணைக்குச் சலுகை வாங்கிய கெட்டிக்காரர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மச்சானின் அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்தில் பெரட்டுத் தப்பு அடித்தவர். விடியற்காலையில் ஆட்களை வேலைக் கணக்கெடுக்கும் களத்துக்குக் கூப்பிடுகிற பறை அது. மச்சான் பரணில் கிடந்த அதை எடுத்துக்கொண்டு போய் மதகுக் கொட்டிலில் தொங்கவிட்டார். பிறகு லயம் லயமாக வந்து சொன்னார்: "பெரட்டு அடி கேட்டா, கையில உள்ளதைப் போட்டுட்டுக் கரைக்கு ஏறிருங்க. கால் மணித்தியாலம் அடிச்சிட்டுத்தான் தொறப்பேன்." அந்த அடி எல்லோருக்கும் தெரியும். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, பெரட்டுக்கு ஓர் அடி. ஏழு வருஷம் அந்தத் தப்பு எங்களைக் காப்பாற்றியது. ஆனால் போன் அடித்துவிட்டால் மச்சானுக்குச் சோறு இறங்காது. சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போன நாட்கள் எத்தனையோ.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். போன வருஷம் மாரியம்மன் திருவிழா. ஆற்றில் இறங்கிக் கரகம் பாலிப்பதில்தான் எங்கள் திருவிழா தொடங்கும். பூசாரி தண்ணீரில் நின்று குடத்துக்கு வேப்பிலையும் பூவும் கட்டி, அருள் வந்து, அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார். மேல்பிரிவு ஆட்களும் தங்கள் தப்புக் கூட்டத்தோடு மலையிலிருந்து இறங்கி வந்து சேர்வார்கள். மச்சான் ஒரு வாரத்துக்கு முன்னாலேயே இன்ஜினியரிடம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு சொல்லியிருந்தார், அன்றைக்கு மட்டும் மதகைத் திறக்க வேண்டாம் என்று. இன்ஜினியர் சரி என்று தலையாட்டினார்.

காலை பத்து மணி இருக்கும். ஆற்றுக்குள் அறுபது பேருக்குக் குறையாது. கணுக்கால் தண்ணீர். பூசாரிக்குக் குடை பிடித்தவன் நான். பக்கத்தில் அக்கா மஞ்சள் சேலையில், கையில் பால் செம்பு. எங்கள் தப்புக்காரர்கள் காது கிழிய அடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில், மேலேயிருந்து இன்னொரு தப்புச் சத்தம் வந்தது.

அதை நான் கேட்டேன். எனக்குத்தான் முதலில் கேட்டது.

"மேல்பிரிவுக்காரங்க கெளம்பிட்டாங்கடோய்! பூசாரி, சீக்கிரம் கட்டுங்க!" என்று சந்தோஷமாகக் கத்தினேன்.

இலட்சுமி அத்தை காதைத் திருப்பினாள். "அது பெரட்டு அடி மாதிரில்ல கேக்குது யோகா?"

"ஒனக்குத் திருவிழா அன்னிக்கும் பெரட்டு நெனப்புதானா அத்தை? கங்காணி வந்து பேரைக் கூப்புடப் போறானா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

அந்தத் தப்பு கொஞ்ச நேரம் கேட்டு நின்றது. பூசாரி குடத்தைக் கட்டி முடிப்பதற்குள் வளைவில் கல் உருளும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது. மண்நிறத்தில், இடுப்பு உயரத்துக்கு, மரக்கட்டைகளோடு. என் கையிலிருந்த குடை எங்கே போனது என்று தெரியாது. ஒரு பாறையைக் கட்டிப்பிடித்தேன். அக்காவின் மஞ்சள் சேலை சுழன்று சுழன்று போவதைப் பார்த்தேன். "அக்கா! அக்கா!" என்று கத்துகிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சாமி புண்ணியம், யாரும் சாகவில்லை. மூங்கில் புதரில் சிக்கிய அக்காவை நாலு பேர் இழுத்து எடுத்தோம். வலது தோள் மூட்டு இறங்கி, கை துணி போலத் தொங்கியது. பூசாரிக்குக் கால் முறிந்தது. கரகம் போய்விட்டது. நான் நிமிர்ந்து பார்த்தபோது பாலத்தில் ஒரு வெள்ளை ஜீப் நின்றது. இரண்டு பேர் ஓடுகிற ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூங்கில் புதர்களுக்குள் நாங்கள் கிடந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

மேலே நடந்ததை மச்சான் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டே சொன்னார். பத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்திருக்கிறது. "ஆத்துல சனம் இருக்கு சேர், கரகம் பாலிக்கிறாங்க, கும்புட்டுக் கேக்குறேன்" என்றிருக்கிறார். "விருந்தாளி இரத்தோட்டை தாண்டிட்டாங்க. ஒன்ட தப்பை அடிச்சிட்டுத் தொற" என்று பதில். இவர் கால் மணித்தியாலம் அடித்திருக்கிறார், குச்சி உடையும்வரை. மறுபடி போன். இந்தத் தடவை இன்ஜினியர் சத்தம் போடவில்லையாம், மெதுவாகத்தான் சொன்னாராம்: "ஒன்ட மகள்ட பேரு நாளைக்குக் கொழும்புக்குப் போற லிஸ்ட்ல இருக்கு. யோசி." உயர்தரப் பரீட்சை பாஸாகி, தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரு வேலைக்காக மூன்று வருஷமாகக் காத்திருந்தாள் அவர் மகள் நிரோஷா. மச்சான் சக்கரத்தைச் சுழற்றினார்.

நிரோஷா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா ஆத்துல இருக்காங்கன்னு தெரியுமாப்பா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா தொறந்தீங்க?"

"பயம்மா," என்றார். அவள் ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாள். அந்த வேலை வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள், அது வேறு விஷயம்.

தோட்டத்தில் எல்லோரும் மச்சானைப் பிடித்துக்கொண்டார்கள். தப்பே அடிக்கவில்லை, குடித்துவிட்டுப் படுத்திருந்தான், போன் வந்ததும் எழுந்து திறந்துவிட்டான் என்று பேச்சு. "அடிச்சேன், சத்தியமா அடிச்சேன்" என்று அவர் லயம் லயமாகப் போய்ச் சொன்னார். கதவைச் சாத்தினார்கள். அவருக்குக் கடையில் சாமான் கொடுக்கவில்லை. பூசாரியின் தம்பி கத்தியோடு வந்தான்.

நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். அவர் அடித்தது என் காதில் விழுந்தது, அதை மேல்பிரிவுத் தப்பு என்று கத்திச் சனத்தைத் தண்ணீரிலேயே நிறுத்தி வைத்தவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் என்னை அடிப்பார்கள், ஆட்டோவைக் கொளுத்துவார்கள். இலட்சுமி அத்தை என்னைப் பார்த்தபோதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பினேன். மச்சானைப் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்த வாய் இது.

தோட்டத்து ஆட்கள் கொழும்புக்கு ஒரு மனு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து மத்தியானம், மச்சான் என் வீட்டுக்கு வந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

"வியாழக்கிழமை கொழும்புலேருந்து பெரிய அதிகாரி நோனா ஒருத்தவங்க விசாரிக்க வாறாங்களாம். ஒம்பதரைக்குத் தொறக்கச் சொல்லி இப்பவே சொல்லிட்டாங்க. நான் தொறக்கலன்னா இன்ஜினியரே வந்து தொறப்பாராம். ஆத்துல தண்ணி ஓடும், கொப்பியில என் கையெழுத்து இருக்கும். எந்நேரமும் தொறந்து கெடந்த கேட்டுலேருந்து எப்புடித் திடீர்னு தண்ணி வரும்னு கேப்பாங்க. ஒங்கக்கா தோளு பொய்யாப் போயிரும் யோகா."

எனக்கு அப்போது உடைந்துவிட்டது. அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். குடை, தப்புச் சத்தம், இலட்சுமி அத்தை சொன்னது, நான் கேலி செய்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார். "நெசமாவே கேட்டுச்சா?"

"கேட்டுச்சு மச்சான்."

"அப்ப நான் அடிச்சிருக்கேன்," என்று சொல்லி, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எல்லோரும் சொல்லிச் சொல்லி, தான் அடித்தாரா இல்லையா என்பதே அவருக்குச் சந்தேகமாகப் போயிருந்தது.

அன்று பின்னேரம் கோயில் வாசலில் ஆட்களைக் கூட்டிச் சொன்னேன். பூசாரியின் தம்பி என் கன்னத்தில் அறைந்தான். இலட்சுமி அத்தை, "அன்னிக்கே சொன்னேன்ல பாவி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். சத்தம் அடங்கிய பிறகு, கையைக் கழுத்தில் தொங்கப் போட்டிருந்த அக்கா எழுந்தாள்.

"வியாழக்கிழமை நாம எல்லாரும் ஆத்துல போய் உக்காருவோம். சனம் உள்ள ஆத்துல எப்புடித் தொறப்பாங்கன்னு பாப்போம். அந்த நோனா வந்து காஞ்ச ஆத்தைப் பாக்கட்டும்."

"தண்ணி வந்தா?" என்று யாரோ கேட்டார்கள்.

"மேல அவரு இருக்காரு."

"போன தடவையும் அவருதானே இருந்தாரு?"

மச்சான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்ஜினியர் சக்கரத்துல கை வச்சா தப்பு அடிக்கிறேன். கேட்டதும் ஏறிருங்க," என்றார்.

வியாழக்கிழமை வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். மற்றவர்கள் கரையில் நின்றார்கள், நான் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்கு மேளம் இல்லை, தாளம் இல்லை. பாறைகளில் உட்கார்ந்து எல்லோரும் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு காக்கை கல்லைத் தட்டினாலும் உடம்பு தூக்கிப்போட்டது. எனக்கு மூத்திரம் முட்டியது, எழுந்து போக வெட்கம். அக்கா நடு ஆற்றில், ஒரு கையோடு, அசையாமல் இருந்தாள்.

ஒன்பதரைக்குத் தப்பு அடித்தது.

இந்தத் தடவை ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. பெரட்டு அடி. பத்துப் பதினைந்து பேர் எழுந்து கரைக்கு ஓடினார்கள். "அக்கா, வா, ஏறு!" என்று நான் அவள் நல்ல கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஏறுனா தொறந்துருவாங்கடா," என்றாள். "நீ போ."

போக முடியவில்லை. வீரம் என்று நினைக்காதீர்கள், கால் வரவில்லை. நான், அக்கா, இலட்சுமி அத்தை, இன்னும் ஐந்தாறு பேர் அப்படியே இருந்தோம். தப்பு அடித்துக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது. அந்த அமைதி இருக்கிறதே, அதை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். வளைவில் ஒரு சலசலப்பு. தண்ணீர் வந்தது. பாதத்தை நனைத்தது, கணுக்காலுக்கு ஏறியது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மாரியாத்தாளைக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது தண்ணீர் கல்லுக்கிடையில் வடிந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மேலே என்ன நடந்தது என்பதை வாய்க்கால் வேலைக்காரன் ஒருவன் பிறகு சொன்னான். இன்ஜினியர் வந்து சக்கரத்தைப் பிடித்ததும் மச்சான் தப்பு அடித்திருக்கிறார். இன்ஜினியர் நிறுத்தவில்லை என்று கண்டதும், தப்பைப் போட்டுவிட்டு, மதகின் மறுபக்கத்து இரும்பு ஏணியில் இறங்கி, மதகின் வாயிலேயே முதுகைக் கதவில் சாய்த்து உட்கார்ந்துவிட்டார். நீச்சல் தெரியாத மனுசர். ஒரு சாண் திறந்ததும் தண்ணீர் அவர் இடுப்பை அடித்துத் தள்ளியிருக்கிறது. ஏணிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மூடுங்க சேர், மூடுங்க சேர்" என்று அலறியிருக்கிறார். "அந்தாளு ஏறி வரவே இல்ல. ஆனா சின்னப் புள்ளை மாதிரி அலறுனாரு," என்றான் அந்த வேலைக்காரன். இன்ஜினியர் மூடிவிட்டார். கொலைக் கேசுக்கு அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

பத்து மணிக்கு அந்த நோனா பாலத்தில் வந்து இறங்கினார். காய்ந்த ஆற்றையும் அதில் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். படம் எடுத்தார், எங்களிடம் கேட்டு எழுதினார், மேலே போய்க் கொப்பியையும் எடுத்துக்கொண்டார்.

வென்றுவிட்டோம் என்று நினைத்தோம்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. இனி யாரும் மூட முடியாதபடி மதகில் ஒரு நிரந்தரக் குழாய் பதிக்கப்படும், ஆற்றுக்கு உரிய பங்கு அதன் வழியாக எந்நேரமும் ஓடும். நல்லது. ஏழு வருஷம் தண்ணீர் விடப்படாததற்கு அவர்கள் எழுதிய காரணம், கொம்பனியின் உத்தரவை மீறி, காவலாளி தன் இஷ்டத்துக்கு மதகை மூடி வைத்து, கொப்பியில் பொய்யாகத் திறந்ததாக எழுதி வந்தது. அவர் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார், மேற்கொண்டு வழக்குப் போடுவதா என்பது பிறகு தீர்மானிக்கப்படும். கொம்பனி மீது குற்றம் இல்லை. கூடிய விலை தொடரும்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்," என்று ஜைனுதீன் நானா சொன்னார். "ஆத்துக்கு ஒரு கொழா, அவங்களுக்கு இன்னும் பதிமூணு வருசம்." எனக்கு அந்தக் கந்தோரையே கொளுத்த வேண்டும் போல இருந்தது.

இதை ஒப்புக்கொள்வதாக மச்சான் மாத்தளைக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் விசாரணை முடியாது, முடியாமல் குழாய் வைக்க மாட்டார்கள். என் ஆட்டோவில்தான் கூட்டிப்போனேன். வழியெல்லாம், "போடாதீங்க மச்சான், லோயரைப் பாப்போம்," என்று கத்திக்கொண்டே போனேன். அவர் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்து நெருக்கிக்கொண்டு வந்தார்.

கந்தோரில் ஒரு எழுத்தர் கடதாசியை நீட்டினார். சிங்களத்தில் இருந்தது. மச்சான் கொஞ்சம் பேசுவார், வாசிக்க வராது. நான் வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னேன்.

"அப்ப ஆத்தை அடைச்சது நான்தான்னு இருக்கா?"

"ஆமா மச்சான்."

"சரி. திருவிழா அன்னிக்குத் தொறந்து விட்டேனே, அது?"

திரும்ப ஒரு தடவை தேடிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம். அந்த நாளே அதில் இல்லை. அக்காவின் தோள் இல்லை, பூசாரியின் கால் இல்லை. தண்ணீர் விடாதது மட்டும்தான் குற்றம். விட்டது குற்றமாக எங்கும் எழுதப்படவில்லை.

"அது இல்ல மச்சான்."

பஸ்ஸில் டிக்கட்டைப் பிடிப்பது போல, அடையாள அட்டையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தார் மச்சான். ஆனாலும் அந்த எழுத்தரை நிமிர்ந்து பார்த்தார்.

"யோகா, இதுல உள்ளதெல்லாம் அவங்க செஞ்சது. நான் செஞ்சது அது ஒண்ணுதான். சனம் இருக்குன்னு தெரிஞ்சு தொறந்தேன். கிருஷ்ணம்மா இருக்கான்னு தெரிஞ்சு தொறந்தேன். அதை எழுதச் சொல்லு."

சிங்களத்தில் சொன்னேன். எழுத்தர் கடதாசியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதற்கு இதில் இடமில்லை, இந்த விசாரணை தண்ணீர் பற்றியது மட்டும்தான் என்றார். பேனாவை நீட்டினார்.

மச்சான் வாங்கி, மெதுவாக, எழுத்துக்கு எழுத்து, தன் முழுப் பெயரையும் எழுதினார்.